186 அடி நீளத்தில் 820 பேர்: 18ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பலில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

நெய்தல் வாசகர் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற கோடையில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் 'விக்டரி' கப்பலைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1759இல் கட்டத் தொடங்கி 1765இல் நீரில் இறக்கப்பட்ட அந்த மரக்கப்பலின் கீழ்ப் பீரங்கித் தளத்தில் நான் நடந்த நேரம் முழுவதும் தலையைக் குனிந்தபடியேதான் நடந்தேன். அத்தளத்தின் நீளம் 186 அடி. கப்பலின் அகலம் ஐம்பது அடியைச் சற்றே தாண்டும். 104 பீரங்கிகளையும் மாதக்கணக்கிற்கான உணவையும் நீரையும் வெடிமருந்தையும் ஏற்றிய அந்தக் கூட்டிற்குள், 1805ஆம் ஆண்டு டிரஃபால்கர் போருக்குச் சென்றபோது ஏறத்தாழ 820 பேர் இருந்தனர். எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தில் முந்நூறு பேர் ஒரே பந்திக்கு முண்டினாலே மூச்சு முட்டுகிறது.

பாய்மரப் போர்க்கப்பல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை பீரங்கிப் புகையும் சவுக்கும்தான். ஆனால் போர் என்பது ஆண்டில் ஓரிரு நாள் நிகழ்வது. எஞ்சிய நாட்களில் அந்த மனிதர்கள் எங்கே உறங்கினார்கள், என்ன உண்டார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதை அறிய விரும்புகிறேன். இத்துறையில் படித்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

பாய்மரன் எழுதியது:

நல்ல கேள்வி. பிரிட்டிஷ் அரச கடற்படையைப் பற்றியே அதிகம் படித்திருப்பதால் அதை வைத்தே விடை கூறுகிறேன். இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். அக்கப்பல்களில் இட நெருக்கடியைத் தாங்கக்கூடியதாக ஆக்கியது நேரப் பங்கீடுதான்.

கப்பலாட்கள் வலப்பக்கத்தார், இடப்பக்கத்தார் என இரண்டு காவல் அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓர் அணி நான்கு மணி நேரம் தளத்தில் நிற்கும். மற்றோர் அணி அந்நேரத்தில் கீழே இருக்கும். மாலை 4 மணி முதல் 8 மணி வரையிலான காவலை மட்டும் இரண்டு இரண்டு மணி நேரமாக உடைத்தார்கள். அதனால் ஒரு நாளின் காவல்கள் ஏழு என்ற ஒற்றைப்படை எண்ணாயின. ஒரே அணி நாள்தோறும் நள்ளிரவுக் காவலில் சிக்காமல் முறை மாறி வந்தது. அரை மணிக்கு ஒருமுறை மணற்கடிகாரத்தைத் திருப்பி மணி அடிப்பார்கள். எட்டு மணியடிகள் ஆனால் காவல் மாறும். கடலில் இருக்கும்வரை சாதாரண மாலுமி எவரும் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்திற்கு மேல் உறங்கியதில்லை. தச்சர், சமையற்காரர், பாய் தைப்பவர் போன்ற பகல் வேலைக்காரர்களுக்கு மட்டுமே முழு இரவு உறக்கம் கிடைத்தது.

உறக்கம் கித்தான் தூளியில். நம் வீட்டில் குழந்தைக்குக் கட்டுகிற தூளியை இரு முனைகளிலும் கயிறு பிரித்து உத்தரத்தில் மாட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். ஓர் அணியைச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் மற்ற அணியைச் சேர்ந்தவரின் தூளியைக் கட்டினார்கள் என்பதால், பக்கத்துக்காரர் காவலுக்குச் சென்றிருக்கும் நேரத்தில் அந்த அகலம் 28 அங்குலமாகும். நேரம் இடமாக மாறியது என்று நான் சொல்வது இதைத்தான். துறைமுகத்தில் நங்கூரமிட்டு அனைவரும் ஒன்றாக உறங்கும் இரவுகளில்தான் நெருக்கடி உண்மையில் கடுமையாயிற்று.

காலை ஏழரை மணியளவில் ஊதல் ஒலித்ததும் தூளிகளை அவிழ்த்து, இறுகச் சுருட்டி, கயிற்றால் கட்டி மேலே கொண்டுவர வேண்டும். சுருள் போதிய அளவு இறுக்கமாக உள்ளதா என்பதை ஒரு வளையத்திற்குள் நுழைத்துப் பார்ப்பார்கள். பிறகு கப்பலின் விளிம்பை ஒட்டிய வலைக்கூடுகளில் அடுக்குவார்கள். போர் வந்தால் அதே சுருள்கள் துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்கும் மதிலாகும். அவை போனதும் உறங்கிய இடம் உணவுக்கூடமாகும். இரு பீரங்கிகளுக்கு இடையே உத்தரத்திலிருந்து ஒரு பலகையைத் தொங்கவிட்டால் அதுதான் மேசை. போர்முரசு கேட்டால் அதுவும் அகற்றப்பட்டு, அதே இடம் போர்க்களமாகும்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அக்காலத்துக் கப்பல் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. நண்பகலில் அதிகாரிகள் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் குறித்த அந்தக் கணத்தில்தான் கப்பல் குறிப்பேட்டில் புதிய தேதி தொடங்கியது.

தோணிக்காரர் பேரன் எழுதியது:

பாய்மரன் ஐயாவுக்கு நன்றி. என் தாய்வழித் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய பாய்த்தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். தோணியில் ஆட்கள் கைவிரல்களில் எண்ணக்கூடிய அளவினரே. ஒரே அடுப்பில் சோறும் குழம்பும் ஆக்கி அனைவரும் சுற்றி அமர்ந்து உண்பார்கள் என்று அம்மா சொல்வார். எண்ணூறு பேருக்கு, அதுவும் மரத்தாலும் தாராலும் கயிற்றாலும் ஆன கப்பலில், அடுப்பு மூட்டிச் சமைத்தது எப்படி?

அடிசில் எழுதியது:

உணவு வரலாறு என் ஆர்வத்துறை என்பதால் இதற்கு நான் விடை எழுதுகிறேன்.

கப்பல் முழுவதற்கும் அடுப்பு ஒன்றே. செங்கல் தளத்தின் மேல் அமைந்த அந்த அடுப்பில் பெரிய செப்புக் கொப்பரைகள் பதிக்கப்பட்டிருந்தன. நூற்றாண்டின் பிற்பாதியில் இரும்பு அடுப்புகள் பரவின. காற்று கடுமையானால் நெருப்பை அணைத்துவிடுவார்கள். அன்று பிஸ்கோத்தும் பாலாடைக்கட்டியும்தான் உணவு. தீக்கு அஞ்சியே பெரும்பாலான மாலுமிகள் புகையிலையைப் புகைக்காமல் மென்றார்கள்.

வாராந்தரப் படி அச்சிட்ட பட்டியலாகவே இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கோத்து, ஒரு கேலன் பீர். செவ்வாயும் சனியும் இரண்டு பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சி. ஞாயிறும் வியாழனும் ஒரு பவுண்டு உப்பிட்ட பன்றியிறைச்சியும் பட்டாணியும். திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் இறைச்சி இல்லை. ஓட்ஸ் கஞ்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, பட்டாணி என்று கழியும். இறைச்சியில்லாத இந்நாட்களை ஆங்கில மாலுமிகள் 'பனியன் நாட்கள்' என்று அழைத்தார்கள். இந்தியாவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் அவர்கள் கண்ட, புலால் உண்ணாத பனியா வணிகர்களின் பெயரே அது. குஜராத்தி வணிகர்களின் உணவு நெறி வட அட்லாண்டிக்கில் உழலும் கப்பலின் சமையல் நாட்காட்டியில் இடம்பெற்றது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் வியந்துபோனேன்.

உழைக்கும் ஏழைகள் ஆண்டு முழுவதும் இறைச்சியைக் காண அரிதாயிருந்த ஒரு காலத்தில் வாரம் ஆறு பவுண்டு இறைச்சி என்பது குறைவன்று. ஆனால் அளவு வேறு, தரம் வேறு. உப்பிட்ட இறைச்சி பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கும்; கொப்பரைக்குப் போகும்முன் அதைத் தொட்டியில் ஊறவைத்து உப்பைக் கழற்ற வேண்டும். பிஸ்கோத்தில் வண்டும் புழுவும் குடியேறும். சஃபோக் மாவட்டத்துப் பாலாடைக்கட்டி கல்லைப் போல் இறுகுகிறது என்ற முறையீடுகள் குவிந்ததால் 1758இல் அதை நிறுத்தி வேறு வகைக்கு மாறினார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அது பின்னாளில் வரலாற்றையே அசைத்தது. கடையில் ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். கப்பலின் பண்டக அதிகாரி வழங்கிய பவுண்டுக்கு 14 அவுன்ஸ். ஒழுகுவது, கெடுவது, எலி தின்பது ஆகியவற்றுக்கு ஈடாக எட்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள அவருக்கு முறைப்படியே அனுமதி இருந்தது. அந்த இழப்பு உண்மையில் நேர்ந்ததா, அவர் பையில் போனதா என்பதை மாலுமி அறிய வழியில்லை.

உண்ணும் முறையைப் பற்றி மனநிறைவுடன் எழுதலாம். நான்கு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவே ஒரு 'மெஸ்'. நம் ஊர்களில் உணவுக்கடைக்குப் பெயராகிவிட்ட அதே சொல்தான். குழுவில் ஒருவர் வாரமுறையில் பொருள் வாங்கி, மாவு பிசைந்து, இறைச்சியை அடையாளத் தகட்டுடன் வலைப்பையில் கட்டிக் கொப்பரைக்கு அனுப்புவார். எலும்பும் கொழுப்புமாய் வெந்து வரும் இறைச்சியைப் பங்கிட ஒரு நேர்மையான வழி இருந்தது. ஒருவர் துண்டுகளைக் காட்ட, மேசைக்கு முதுகு காட்டி நிற்கும் மற்றொருவர் "இது யாருக்கு?" என்ற கேள்விக்குப் பெயர் சொல்வார். 1789இல் 'பவுண்டி' என்ற கப்பலில் நடந்த கலகத்தின்போது படகில் இறக்கிவிடப்பட்ட அதன் தலைவர் வில்லியம் பிளையும் அவருடன் இருந்தவர்களும் பட்டினியின் நடுவிலும் இதே முறையில்தான் பங்கிட்டுக்கொண்டார்கள்.

குடிநீர் பீப்பாயில் சில வாரங்களிலேயே பச்சை படிந்து நாறும். பீரும் வெப்பக் கடல்களில் புளித்துவிடும். அதனால் மேற்கிந்தியத் தீவுகளில் ரம் வழங்கினார்கள். ஒரே மடக்கில் குடித்து ஆட்கள் கயிற்றிலிருந்து விழுவதைக் கண்ட அட்மிரல் எட்வர்டு வெர்னன், 1740 ஆகஸ்டில், அரைப் பைண்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் நீர் கலந்து இரு வேளையாகக் கொடுக்க ஆணையிட்டார். அவர் அணிந்த 'கிராக்ரம்' என்ற முரட்டுத்துணி மேலங்கியின் பெயரால் வந்த பட்டப்பெயரே அந்தக் கலவைக்கு 'கிராக்' என்று நிலைத்தது. நம் பக்கத்துக் கடல்களில் ரம்முக்குப் பதிலாகச் சாராயமும் ஓட்ஸுக்குப் பதிலாக அரிசியும் வழங்கப்பட்டன.

வரலாற்று மாணவன் எழுதியது:

மேலுள்ள பதிவுகளைப் பயனுள்ளவையாகவே படித்தேன். ஆனாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்தே ஆக வேண்டும். சுழற்சி முறையில் உறக்கம், நேர்மையான பங்கீடு என்று படிக்கும்போது கப்பல் ஏதோ ஒழுங்கான விடுதியைப் போலத் தோன்றுகிறது. அங்கிருந்தவர்களில் பெருந்தொகையினர் தாமாக வந்தவர்கள் அல்லர். போர்க்காலங்களில் ஆள்பிடிப்புக் கும்பல்கள் துறைமுகத் தெருக்களிலும், நாடு திரும்பும் வணிகக் கப்பல்களிலும் புகுந்து கடலோடிகளைச் சட்டத்தின் துணையோடு இழுத்துச் சென்றன. கரையில் இறங்க விட்டால் ஓடிவிடுவார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கரை விடுப்பு மறுக்கப்பட்டது. கப்பல் பணி முடித்துக் கலைக்கப்படும்வரை கூலி கைக்கு வராது. இவற்றுக்கு மேல் ஒன்பது வால் சவுக்கு. பன்னிரண்டு அடிக்கு மேல் கேப்டன் தன் விருப்பில் கொடுக்கக்கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது. நடைமுறையில் பல கேப்டன்கள் அதை மதிக்கவில்லை. அச்சம்தான் கப்பலை ஓட்டியது என்பதே என் கருத்து.

பாய்மரன் எழுதியது:

மாணவரே, நீங்கள் சொன்னவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 'அச்சம்தான் கப்பலை ஓட்டியது' என்ற முடிவை ஏற்பதற்கு முன், அந்த மாலுமிகளே தங்கள் வாயால் என்ன கேட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்டது எழுத்தில் இருக்கிறது.

1797 ஏப்ரல் 16 அன்று போர்ட்ஸ்மவுத்துக்கு வெளியே ஸ்பிட்ஹெட் நங்கூரத்துறையில் நின்ற, ஆங்கிலக் கால்வாயைக் காக்கும் கடற்படையினர், பாய் விரிக்க மறுத்தார்கள். 16 பெருங்கப்பல்கள், கப்பலுக்கு இருவராக 32 பிரதிநிதிகள். 'குயின் சார்லட்' கப்பலின் அறையில் கூடி, அவர்கள் எழுதிய மனுவில் இருந்த கோரிக்கைகள் இவை: கூலி உயர வேண்டும், பவுண்டுக்கு 16 அவுன்ஸ் அளக்க வேண்டும், துறைமுகத்தில் நிற்கும்போது காய்கறி வேண்டும், நோயாளிகளைச் சரியாகக் கவனிக்க வேண்டும், அவர்களுக்கான பொருட்களை எவரும் கையாடக் கூடாது, காயமுற்றவருக்கு ஆறும்வரை கூலி நிறுத்தப்படக் கூடாது, கடலிலிருந்து திரும்பும்போது சிறிதேனும் கரையில் இறங்கி வீட்டாரைப் பார்க்க விட வேண்டும்.

கூலி விகிதம் 1653இல் நிர்ணயிக்கப்பட்டது. தேர்ந்த மாலுமிக்கு 28 நாள் மாதத்திற்கு 24 ஷில்லிங். 144 ஆண்டுகளாக அது ஒரு பென்னி கூட உயரவில்லை. இந்தக் காலத்தில் விலைவாசி எங்கோ சென்றுவிட்டது.

அந்தப் பட்டியலில் சவுக்கை ஒழிக்கும் கோரிக்கை இல்லை. அவர்கள் கொடுமைக்கார அதிகாரிகள் சிலரைப் பெயர் குறிப்பிட்டுக் கரைக்கு அனுப்பினார்கள் என்பது உண்மை. ஆயினும், வேலைநிறுத்த நாட்களில் குடித்துவிட்டுக் குழப்பம் செய்த தம் தோழர்களை அப்பிரதிநிதிகளே சவுக்கால் தண்டித்தார்கள். பிரெஞ்சுக் கடற்படை வெளியே வந்தால் உடனே கடலேறுவோம் என்றும் வாக்களித்தார்கள். முதிய அட்மிரல் ஹவ் பிரபு படகில் கப்பல் கப்பலாகச் சென்று பேசி, அரசரின் மன்னிப்பைக் காட்டிய பிறகு, மே மாத நடுவில் அது முடிந்தது. தேர்ந்த மாலுமியின் கூலி மாதம் ஐந்தரை ஷில்லிங் உயர்ந்தது. பவுண்டு 16 அவுன்ஸ் ஆயிற்று.

ஒழுங்கை அவர்கள் வெறுக்கவில்லை. நூறு பேர் ஒரே கணத்தில் ஒரே கயிற்றை இழுக்காவிட்டால் புயலில் அனைவரும் மூழ்குவார்கள் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. தட்டில் குறைந்த இரண்டு அவுன்ஸைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. அந்த மனுவை நான் எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது. உலகின் மிக வலிய கடற்படையை நிறுத்தி வைத்திருந்தவர்கள் கேட்டது முட்டைக்கோசும் சரியான எடையும்.

வரலாற்று மாணவன் எழுதியது:

ஸ்பிட்ஹெட் மனுவைப் பற்றிய உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் அதே 1797ஆம் ஆண்டு செப்டம்பரில் கரீபியக் கடலில் 'ஹெர்மயோனி' கப்பலில் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாய்மரப் பருமலிலிருந்து (பாய் கட்டும் குறுக்குமரம்) கடைசியாக இறங்குபவருக்குச் சவுக்கடி என்று கேப்டன் ஹியூ பிகாட் மிரட்ட, பதறி இறங்கியவர்களில் மூன்று இளைஞர்கள் தளத்தில் விழுந்து இறந்தார்கள். உடல்களைக் கடலில் எறியச் சொன்னார் அவர். மறுநாள் இரவு ஆட்கள் அவரையும் அதிகாரிகள் பலரையும் வெட்டிக் கொன்று, கப்பலை ஸ்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள். அங்கே எடைக் கணக்கைப் பற்றி எவரும் பேசவில்லை.

பாய்மரன் எழுதியது:

அந்நிகழ்ச்சியை நான் குறிப்பிடாமல் விட்டது என் பிழைதான். கேப்டன் ஒருவரின் குணத்தைப் பொறுத்தே ஒரு கப்பல் வாழத்தக்க இடமாகவோ நரகமாகவோ ஆயிற்று; முறையீடு செய்யக் கடலில் வேறு ஆள் இல்லை. 'பெரும்பாலும்' என்ற சொல்லைச் சேர்த்தே என் முந்தைய பதிவைப் படிக்க வேண்டுகிறேன்.

மருத்துவர் எழுதியது:

இரு தரப்பும் பேசாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். ஏழாண்டுப் போரின் (1756–63) முடிவில் வெளியான கணக்கின்படி, பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தோர் 1,84,899 பேர். போரில் கொல்லப்பட்டோர் 1,512 பேர். நோயால் இறந்தோரும் காணாமற்போனோரும் 1,33,708 பேர். இந்தக் கடைசி எண்ணில் தப்பியோடியவர்களும் அடங்குவதால் அனைத்தையும் மரணமாகக் கொள்ளக்கூடாது. அப்படியே கழித்தாலும் பீரங்கியைவிட நோயே பலமடங்கு கொன்றது என்பதில் ஐயமில்லை.

நோய்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, சிறைகளிலிருந்தும் ஆள்பிடிப்புக் கிடங்குகளிலிருந்தும் பேன் ஏறிய உடைகளோடு வந்த டைபஸ் காய்ச்சல். மற்றொன்று ஸ்கர்வி. உடலில் வைட்டமின் சி தீர்ந்தால் திசுக்களைப் பிணைக்கும் கொலாஜன் உருவாகாது. ஈறு வீங்கி அழுகும், பல் ஆடும், கால் கறுக்கும், ஆறிய புண்கள் மீண்டும் திறக்கும். 1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட படையில், 1690இல் பாய்ன் போரில் காயமுற்ற முதியவர் ஒருவர் இருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆறிய அவருடைய புண்கள் ஸ்கர்வியால் புதிதுபோல் பிளந்தன. ஏறக்குறைய 1,900 பேருடன் கிளம்பிய அப்படையில் சுமார் 1,400 பேர் மாண்டனர். அவர்களுள் பகைவரின் கையால் இறந்தோர் மிகச் சிலரே.

1747 மே மாதம் 'சாலிஸ்பரி' கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஒரே நிலையிலிருந்த 12 நோயாளிகளை இருவர் இருவராக ஆறாகப் பிரித்தார். ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல் நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த லேகியம், நாளொன்றுக்கு இரு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் என ஒவ்வொரு இணைக்கும் ஒன்று கொடுத்தார். பழம் ஆறே நாட்களில் தீர்ந்தது. அதற்குள் அதை உண்ட இருவரில் ஒருவர் பணிக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். 1753இல் லிண்ட் தம் நூலை வெளியிட்டார். ஆனால் சாற்றைக் காய்ச்சிக் குறுக்கி வைக்கலாம் என்று அவரே பரிந்துரைத்தார். அந்தக் கொதிப்பில் மருந்தின் சத்து அழிந்தது. எலுமிச்சைச் சாறு கடற்படைக்கு முறையாகக் கிடைத்தது 1795இல். நடுவில் 42 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு மருத்துவராக அந்த இடைவெளியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

திருகோணமலையான் எழுதியது:

மருத்துவர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஏனெனில் அந்த 42 ஆண்டுகளின் கடைசிப் பகுதி நம் கரையோரத்தில் நிகழ்ந்தது.

1782 பெப்ரவரி முதல் 1783 யூன் வரை, அட்மிரல் எட்வர்டு ஹியூஸின் பிரிட்டிஷ் படையும் சுஃப்ரனின் பிரெஞ்சுப் படையும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று இதே கடலில் ஐந்து முறை மோதின. இவ்விரு படைகளுக்கும் நாள்தோறும் இருந்த பெருங்கவலை குடிநீரும் பசிய உணவும்தான். சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தாம் அலையைக் கடந்து பீப்பாய்களையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்கின. கடிதங்களைக் கட்டுமரக்காரர்கள் கொண்டுசென்றார்கள். ஐப்பசி பிறந்தால் அங்கே நிற்கவும் முடியாது. 1761 சனவரி முதல் நாள் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற பிரிட்டிஷ் கப்பல்களைப் புயல் தாக்கியபோது 'சண்டர்லாண்ட்', 'டியூக் டி அக்குவிட்டேன்' ஆகியவை ஆட்களோடு மூழ்கின. எங்கள் திருகோணமலைக்கு இரு படைகளும் அவ்வளவு போட்டியிட்டதற்கு, புயலுக்கு ஒதுங்கி நின்று நீர் நிரப்பக்கூடிய இயற்கைத் துறை இந்தக் கரையில் வேறு இல்லை என்பதே காரணம்.

1783 யூன் 20 அன்று கடலூரை ஒட்டி நடந்த கடைசி மோதலுக்கு முன், ஆட்பற்றாக்குறையால் சுஃப்ரன் கரையிலிருந்த படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலேற்றினார். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். ஹியூஸின் கப்பல்களிலோ நீர் தீர்ந்துகொண்டிருந்தது. பெருந்தொகையானோர் ஸ்கர்வியால் படுத்திருந்தார்கள். சில நாட்களில் அவர் கடலூரை விட்டுச் சென்னைக்குத் திரும்பிவிட்டார்.

இனி, பதினோரு ஆண்டுகள் கழித்து அதே சென்னைக்கு வந்த கப்பலைப் பாருங்கள். 1794 ஏப்ரல் 2 அன்று இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 74 பீரங்கிக் கப்பலான 'சஃபோக்', எந்தக் கரையையும் தொடாமல், புதிய உணவு எதையும் ஏற்றாமல், 23 வாரமும் ஒரு நாளும் ஓடி, செப்டம்பர் 11 அன்று சென்னைக் கடலில் நங்கூரமிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு அவுன்ஸில் மூன்றில் இரண்டு பங்கு எலுமிச்சைச் சாற்றையும் சர்க்கரையையும் கிராக்கில் கலந்து கொடுத்திருந்தார்கள். வழியில் சிலருக்கு ஈறு வீங்கத் தொடங்கியபோது சாற்றை அதிகப்படுத்தியதும் குணமாயிற்று. சென்னை வந்து சேர்ந்தபோது ஸ்கர்வியால் ஒருவரும் இறந்திருக்கவில்லை. மறு ஆண்டு கடற்படை மருத்துவர் கில்பர்ட் பிளேன் சாற்றைக் கடற்படை முழுவதற்கும் வாங்கித் தர முடிந்ததற்கு இப்பயணம் பெருந்துணையாக நின்றது. சென்னைக் கடற்கரையில் இதைக் குறிக்கும் ஒரு பலகையையாவது நட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நெய்தல் வாசகர் எழுதியது:

இவ்வளவு செறிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. கேட்கத் தயங்கினாலும் அன்றாட வாழ்க்கை என்று தலைப்பிட்டுவிட்டு இதை விட முடியாது. கழிப்பிடமும் துணி துவைப்பும் எப்படி?

பாய்மரன் எழுதியது:

தயங்க வேண்டியதில்லை. கப்பலின் முகப்பில், முன்னணிய மரத்துக்கு இருபுறமும், கீழே கடலுக்குத் திறந்த துளையிட்ட இருக்கைகள் இருந்தன. காற்று பின்னாலிருந்து வீசும் பாய்மரக்கப்பலில் முகப்பே காற்று வீசிச் செல்லும் பக்கம் என்பதால் நாற்றம் கப்பலுக்குள் வராது. எழும் அலையே கழுவிவிடும். கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் பின்புறத்தில் மூடிய அறைகள் இருந்தன. நூற்றுக்கணக்கானோருக்கு அந்தச் சில இருக்கைகள் போதவில்லை. குளிர்ந்த இரவில், அலை ஏறும் முகப்புக்கு நோயாளிகளால் செல்ல முடியவில்லை. கீழ்த்தளத்தை வினிகரால் கழுவியதும் புகையிட்டதும் இதனால்தான்.

துணி துவைக்கக் கடல்நீர்தான். அதில் சோப்பு நுரைக்காது. சிறுநீரைத் தொட்டிகளில் சேர்த்து வைத்து, அதிலுள்ள அம்மோனியாவால் அழுக்கை எடுத்தார்கள். கடல்நீரில் அலசிய துணியில் உப்பு தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் உடை ஒருநாளும் முழுதாக உலராது, அக்குளும் தொடையும் புண்ணாகும். மாலுமிகளுக்கு அக்காலத்தில் சீருடையும் இல்லை. 1748இல் அதிகாரிகளுக்கு வந்த சீருடை சாதாரண மாலுமிகளுக்கு வந்தது 1857இல். மாற்றுடை வேண்டுமானால் பண்டக அதிகாரியிடம் வாங்க வேண்டும். விலை கூலியில் கழியும். ஆகவே மழை பெய்தால் கப்பலே விழாக்கோலம் பூணும். நல்ல நீரில் துவைத்த சட்டை ஒன்று அவர்களுக்கு எவ்வளவு பெரிய பேறு என்பதை நாம் உணர்வது கடினம்.

தோணிக்காரர் பேரன் எழுதியது:

பாய்மரன் ஐயாவின் பதிவை நேற்றிரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மழையைப் பற்றிய வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். தாத்தாவின் தோணியிலும் மழை தொடங்கியவுடன் பாயைச் சரித்துக் கட்டி நீர் பிடிப்பார்களாம். முதலில் விழும் நீர் பாயிலுள்ள உப்பைக் கழுவி வரும் என்பதால் அதை ஊற்றிவிடுவார்கள். அடுத்து வருவது குடிக்கும் பீப்பாய்க்கு. பீப்பாய் நிறைந்து தண்டல் கையசைத்த பிறகே எவரும் சட்டையைக் கழற்றி நனைக்கலாம்.